தனகோடி எழுந்து போன கூட்டம்

"தனகோடி நைனா பூட்டாரு" என்று மீன்காரம்மா கூடையை இறக்காமலேயே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பஞ்சாயத்து போர்டில் ஆறு வருஷம் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தவன் நான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எண்ணூர்ப் பக்கத்து போர்டு எங்களுடையது. அவரை அறிந்த உங்களுக்கு நினைவிருக்கும், மொத்தம் பதினைந்து பேர். எங்கள் கட்சி பதினொன்று. கட்டுமரக்காரரான அவரோடு சேர்த்து எதிர்வரிசை நான்கு. எட்டுப் பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மெஜாரிட்டி இருக்கிற தெம்பில் எங்கள் ஆட்களில் நாலு பேர் மட்டம் போடாத நாளே கிடையாது. வலை உலர்த்தும் மணல்திட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் தீர்மானம் வந்தால், தனகோடி தலைகளை எண்ணுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பேரோடு வெளியேறிவிடுவார். மிச்சம் ஏழு. கூட்டம் அம்பேல். இரண்டு தடவை இப்படி.

"இதுவா ஜனநாயகம்?" என்று படியில் மறித்துக் கேட்டேன்.

"பதினோரு பேரும் வந்து குந்துங்க நைனா, நான் தோத்துட்டுப் போறேன்" என்றார்.

மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு தந்திரம் செய்தேன். இன்று சொல்லிவிடுகிறேன், அது என் வேலைதான். அவர் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் தீர்மானத்தை மணல்திட்டுக்கு அடுத்ததாக வைத்தேன். எழுந்து போனால் குழாயும் போகும். அவர் மனைவி பாக்கியம்மாள் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்த காலம் அது.

தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் எழவில்லை. எனக்கு உள்ளூர ஒரே குஷி. பிறகு துண்டை உதறினார். "வூட்ல இன்னா சொல்றதுன்னுதான் யோசிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

கம்பெனி காத்திருந்து சலித்து வேறு இடம் பார்த்துக்கொண்டது. கறுவிக்கொண்டு நாங்கள் அந்தக் குழாயை இரண்டு வருஷம் இழுத்தடித்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். திட்டில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பாக்கியம்மாளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னிக்கே சொல்லிட்டாரு" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "உம்மேல அவருக்குக் கோவம் இல்ல. உங்க ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தியாம்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். வருகிற கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.