காத்தக்காவும் முதல் வரிசையும்

ஆர்கன் வாசிப்பவரை ஊருக்கே தெரியும். ஆர்கனுக்கு மூச்சுக் கொடுப்பவரை யாருக்குத் தெரியும்? அந்த லுத்தரன் தேவாலயத்தில் முப்பத்தோரு வருஷமாக மூச்சுக் கொடுத்தவள் காத்தக்கா. அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை. போதகரே காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வார நாட்களில் அவளுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பை ரிப்பேர் கடை. ஜிப் போன பள்ளிக்கூடப் பை, வார் அறுந்த தோல்பெட்டி, கைப்பிடி கழன்ற சூட்கேஸ் எல்லாம் அவள் கைக்கு வந்து சேரும். தோல் என்றால் அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் ஆர்கனிலும் போய் மாட்டினாள். இருபத்து நாலு வயதில், துருத்தியில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஒட்டுப் போட வா என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமை போய் ஒட்டினாள். துருத்தியை இயக்கி வந்த வஸ்தாது அதே வாரம் தோள்பட்டை இறங்கிப் படுத்துக்கொண்டார். இந்த ஒரு ஞாயிறு மட்டும் பார்த்துக்கொள்ளம்மா என்றார்கள். அந்த ஒரு ஞாயிறு முப்பத்தோரு வருஷம் நீண்டது. வஸ்தாது குணமாகி, அதற்குப் பிறகு முன் வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்.

ஆர்கனின் கதையும் சாதாரணப்பட்டதல்ல. தேவாலயத்துக்குக் கூரை போடுவதற்கு முன்பே அது கப்பலேறி வந்துவிட்டது. வந்தது பதினேழு பெட்டி, கரை சேர்ந்தது பதினாறு. கூரை வரும்வரை இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முகப்பில் வெள்ளியாக மின்னுகிற குழாய்களில் நடு மூன்றும் வெறும் மரம். கடலுக்குப் போன பெட்டிக்குப் பதிலாக உள்ளூர்த் தச்சர் செய்து, பெயிண்ட் அடித்து நிறுத்தியவை. புகைப்படத்தில் அந்த மூன்றும்தான் ரொம்ப கம்பீரமாக விழும்.

முகப்பு அப்படி. முதுகுப்புறம் போனால், குனிந்து நுழைகிற சிறு கதவு. உள்ளே கட்டில் அகலத்துக்கு ஒரு தோல் துருத்தி, அதை அமுக்கி ஏற்ற ஒரு நீண்ட மரக் கைப்பிடி, ஒரு பெஞ்சு. சுவரில் நூலில் தொங்குகிற ஈயக்குண்டு ஒன்று. துருத்தியில் காற்று ஏறினால் குண்டும் ஏறும், காற்று குறைந்தால் இறங்கும். இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் குண்டை நிறுத்தி வைப்பதுதான் அவள் உத்தியோகம். கீழ்க்கோட்டைத் தாண்டினால் பாட்டுக்குச் சளி பிடித்துவிடும். முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற ஆர்கன் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் உள்ளே மணி அடிக்கும். ஒரு மணி என்றால் காற்று போடு, இரண்டு என்றால் இன்னும் போடு. போதும், நன்றி என்பதற்கு மணி கிடையாது.

அந்த அறையின் பலகைச் சுவரில்தான் இன்னொரு சரித்திரம் இருந்தது. அங்கே காற்றுப் போட வந்தவர்கள் எல்லாரும் முதல் நாளே பென்சிலால் பெயரும் தேதியும் எழுதிவைப்பது வழக்கம். அதோடு நிறுத்தினார்களா என்றால் இல்லை. ‘மழை. ஆறு பேர் மட்டும்.’ ‘பிரசங்கம் ஒன்றரை மணி நேரம், ஆண்டவரே.’ ‘பல் வலி.’ சபையின் நூற்றைம்பதாவது வருஷ மலருக்காகச் செயலர் ஆர்கனைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். கொடுத்தவர், வாசித்தவர், குழாய்களின் நீளம் எல்லாம் அதில் இருந்தன. காற்று எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. காத்தக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு மலரில் இடம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது முதல் வரிசையில் ஓர் இடம்.

ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன் அவளுடைய இரண்டு பெண்களில் பெரியவளின் கல்யாணம் நடந்தபோதும் அவள் உள்ளேதான் இருந்தாள். ஆள் வேறு கிடைக்கவில்லை. பலகையில் ஒரு முடிச்சு உதிர்ந்த ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்தால் சபையார் வழுக்கைகளும், அவற்றுக்கு மேல் மிதந்துபோன ஒரு வெள்ளை முக்காடும் தெரிந்தன. அம்மா என் கல்யாணத்துக்கு வரவே இல்லை என்று பெரியவள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். காத்தக்காவும், சாப்பாட்டுக்கு வந்தேனே என்று ஈடு கொடுப்பாள். சிரிப்பு அடங்கியதும் இருவரும் வேறெங்கோ பார்ப்பார்கள். சின்னவள் கல்யாணத்தையாவது முன்னால் உட்கார்ந்து பார்த்தே தீருவது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

கல்யாணம் நிச்சயமான அதே மாதம், துருத்திக்கு மோட்டார் போடுவதென்று சபையும் தீர்மானித்தது. காத்தக்காவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று போதகர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இதை ஏன் இருபது வருஷத்துக்கு முன்னாடியே செய்யல ஐயா என்று கேட்டாள் அவள். எலக்ட்ரீஷியன் வந்து, பழைய கைப்பிடியைக் கழற்றாமலே மோட்டாரைப் பொருத்தினார். பிள்ளைகள் வந்து விளையாடுகிறார்கள் என்று சுவிட்சை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் போட்டார். சனிக்கிழமை ஒத்திகை. ஆர்கன் சார் மணி அடித்தார், காற்று வந்தது, பாட்டு பொழிந்தது. எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்துகொடுக்க, மணி கேட்டதும் உள்ளே நின்று சுவிட்சைப் போட்டது காத்தக்கா என்பதை யாருமே யோசிக்கவில்லை. காற்றுக்காரர் இருக்குமிடம் உள்ளேதான், ஆகவே சுவிட்சும் உள்ளேதான். மோட்டார் வந்தபின் உள்ளே யார் இருப்பார்கள் என்ற கேள்வி எலக்ட்ரீஷியனுக்கும் எழவில்லை, கணக்கு வாத்தியாருக்கும் எழவில்லை. அவளுக்கே எழவில்லை. அவள் நினைப்பெல்லாம் முதல் வரிசையில் இருந்தது.

கல்யாணத்தன்று காத்தக்கா புதுச் செருப்பு கடிக்க, தலை நிறைய எண்ணெய் மினுங்க, முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பெரியவள். வாசலில் சின்னவள், அப்பாவின் கையைப் பிடித்தபடி. பேருந்து ஓட்டுகிற மனிதர். அன்று நடக்கவே தெரியாதவர் மாதிரி நின்றார். போதகர் தலையசைத்தார். ஆர்கன் சார் மணிக் குமிழை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி, கட்டைகளின் மேல் இறக்கினார்.

கட்டைகள் டொக்கென்றன. வேறு சத்தமே இல்லை.

மறுபடி மணி. இரண்டு தடவை. சார் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கழுத்தைத் திருப்பாமலே காத்திருந்தார். விஷயம் முதலில் புரிந்தது எலக்ட்ரீஷியனுக்கு. நாலாவது வரிசையிலிருந்து எழுந்து சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், பிறகு முகத்தைத் தடவினார். சாவி வீட்டில். வேலைக்குப் போட்டுக்கொள்கிற உடுப்பில்.

சபை முழுக்கத் திரும்பிக் காத்தக்காவைப் பார்த்தது. யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் சொல்லிற்று. இந்த இடத்துக்காக ஆறு வருஷம் காத்திருந்தாயிற்று. உட்கார்ந்து முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஆனாலும் மணி கேட்ட காலல்லவா, அது பாட்டுக்கு எழுந்தது.

தோளில் ஒரு கை விழுந்து அவளை அமுக்கி உட்காரவைத்தது.

"நீ உக்காரும்மா," என்றாள் பெரியவள். "என் கல்யாணத்துல ஒளிஞ்சுக்கிட்டது போதும். நான் பாத்துக்கறேன்."

"குண்டைப் பாத்து போடு. அவசரப்படாத."

"நான் வீட்டுப்பாடம் எழுதினதே அந்தப் பெஞ்சுலதானே. எனக்குத் தெரியும்."

செருப்பைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அவள் பக்கவாட்டில் ஓடினாள். சிறு கதவு கிரீச்சிட்டது. துருத்தி ஒரு பெருமூச்சு விட்டது. சார் கையை இறக்கினார்.

காத்தக்கா இந்த முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஆர்கனை முன்னாலிருந்து கேட்டதே இல்லை. சின்ன வயதில் கேட்டதெல்லாம் மறந்தே போயிற்று. உள்ளே இருந்தால் தோலின் முனகலும், கைப்பிடியின் கிரீச்சும், தன் மூச்சு வாங்குவதும்தான் கேட்கும். பாட்டு என்பது மதில் தாண்டி அடுத்த வீட்டிலிருந்து வருகிற சத்தம். இங்கேயோ அது நெஞ்சில் வந்து மோதியது. இவ்வளவு பெரிய விஷயத்தையா இத்தனை நாள் முதுகிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெரியவளின் காற்று ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. பாட்டு ஏறிற்று, இறங்கிற்று, நடுவில் ஒரு தரம் விக்கிற்று. குண்டு இப்போது கீழ்க்கோட்டில், இப்போது மேல்கோட்டுக்கும் மேலே என்று காத்தக்காவுக்குக் காதாலேயே தெரிந்தது. பாட்டுக்குத் தக்கபடி அப்பாவும் மகளும் வேகமாகவும் மெதுவாகவும் நடந்து வந்தார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரித்த முகம் முழுவதையும், நெற்றி வியர்வையோடு, காத்தக்கா பார்த்தாள். கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

மணமக்கள் கையெழுத்துப் போடப் பக்கத்து அறைக்குப் போனதும் அவள் எழுந்து, மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிறு கதவுக்குள் குனிந்தாள். பெரியவள் பெஞ்சில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது, உள்ளங்கையில் கொப்புளம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் காத்தக்காவின் பழைய எழுத்து: ‘இன்று பெரியவள் கல்யாணம். முக்காடு தெரிந்தது. முகம் தெரியவில்லை.’ அதற்குக் கீழே, இன்னும் பளபளப்பு மாறாத பென்சிலில்: ‘இன்று சின்னவள் கல்யாணம். காற்று, பெரியவள். அம்மா முதல் வரிசை.’

"முகம் தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பெரியவள். "நான் ஆறு வருஷமா நீ வரலன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

"சொன்னா நீ அழுவ. கல்யாணப் பொண்ணு அழலாமா?"

அப்போது மணி அடித்தது. அடுத்த பாட்டுக்குச் சார் தயாராகிவிட்டார் போலிருக்கிறது. பெரியவள் கைப்பிடியைப் பிடிக்க எழுந்தாள். காத்தக்கா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, ஓட்டை வழியாக வெளிச்சம் விழுகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இரு. உன் முகத்தை இப்பப் பாத்துக்கறேன்," என்றாள்.

மணி மறுபடி இரண்டு தரம் அடித்தது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.