இடம் மாறியவர்

தெருவில் அவளுக்கு இரண்டு பெயர். நேரில் "டீச்சர்", தலை மறைந்தால் "கேள்வி". கர்ப்பிணி உள்ள வீடு, பிள்ளை பெற்ற வீடு என்று டேப்லெட்டும் கையுமாக ஏறி இறங்கி, மாத்திரை கொடுத்தார்களா, ஊசி போட்டார்களா, ஆஸ்பத்திரியில் மரியாதையாகப் பேசினார்களா என்று கேட்டுக் குறிப்பது வேலை. மரியாதை என்றதும் பெண்கள் சிரிப்பார்கள். பிறகு, "ஆமான்னே போட்டுக்கோங்க" என்பார்கள். சிரிப்பைக் குறிக்கக் கட்டம் கிடையாது.

அவளுடைய வட்டாரத்தில் சில வருடங்களாகப் பிரசவ மரணம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அலுவலகம் கண்ணாடிப் பெட்டியில் வைக்காத குறையாகக் காப்பாற்றி வந்தது.

தையல்காரரின் மனைவிக்கு எட்டாம் மாதம் கால் வீங்கியிருந்தது, தலைவலி வேறு. வீக்கம் என்று குறித்து, ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனாள். அங்கே பிரஷர் மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரத்துக்குள் அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். திரும்பி வந்தது குழந்தை மட்டும்.

தாய்வீட்டுப் பக்கம் இதே வேலை பார்க்கிறவளுக்கு டீச்சர் போன் போட்டாள்.

"அக்கா, பதிவு உங்க பக்கம். எங்க கணக்குல அந்தப் பொண்ணு கர்ப்பமாவே இல்ல."

மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். யார் செத்தாலும் உச்சுக்கொட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். "இடம் மாறியவர்னு ஒரு கட்டம் இருக்குல்லம்மா, அதைப் போடு. பொய்யும் இல்ல பாரு. உன் ஒப்பந்தம் வேற புதுப்பிக்கணும்."

அவள் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இறந்துட்டாங்கன்னு போட்டா விசாரணைக்கு வருவாங்க. ஏன் அங்க அனுப்பினீங்க, ஏன் லேட்டா தூக்கிட்டுப் போனீங்கன்னு முதல்ல உங்களைத்தான் குடைவாங்க."

"போடலைன்னா?"

"யாரும் வர மாட்டாங்க."

அவர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "என்னைத் திட்டிக்கூடக் கேக்கட்டும் டீச்சர். அவளைப் பத்திக் கேக்கன்னு இதுவரைக்கும் ஒரு ஆள் வரல."

அங்கேயே உட்கார்ந்து 'இறப்பு' என்பதைத் தொட்டாள். "உறுதியா?" என்றது டேப்லெட். தொட்டாள். மறுபடி கேட்டது. வீக்கத்தைக் குறித்த அன்று அது ஒரு தடவைகூட எதையும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆள் குறைப்பு என்றார்கள்; அடுத்த வாரமே அந்தத் தெருவுக்குப் புது ஆள் வந்தாள்.

விசாரணைக் குழுவும் வந்தது. வேலை போனவளும் அன்று வந்து வாசல் ஓரமாக நின்றாள். அவள் சொன்னபடியேதான் கேட்டார்கள்: ஏன் அனுப்பினீர்கள், ஏன் தாமதம், வண்டி கிடைக்கவில்லையா, கேட்டுப் பார்த்தீர்களா. தையல்காரர் தலை குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முடிந்ததென்று எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

"உக்காருங்க சார்," என்றார் அவர். "பிரஷர் மெஷினைப் பத்தி நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.