வான்ஸ்டெட் புல்வெளியில் அளந்த நாற்பது

காலை 7.40. 2009 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். பிள்ளைகளே, உங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்கு மற்றப் பெற்றோர்கள் பாரிசுக்கும் லூர்துக்கும் போய்வந்த கதையை எழுதுகிறார்கள். நான் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவன். என் பயணம் லண்டனுக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆனால் அன்று நான் திடுக்கிட்டதுபோல வேறெந்த ஊரிலும் திடுக்கிட்டதில்லை.

வன்னியில் போர் நடந்த அந்த நாட்களில் நம் வீடுகளில் யாரும் செய்தியை நிறுத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காரிலும் தமிழ் வானொலிதான். பயணி ஏறும்போது மட்டும் அணைத்துவிடுவேன்.

8.30. ஹீத்ரோ. என் பயணி மிஸ்டர் டொயில், அறுபது வயதிருக்கும் அமெரிக்கர், பிராங்பேர்ட்டிலிருந்து வந்திறங்கினார். அவருடைய பெட்டி வந்திறங்கவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் தொங்கிய ஸ்டொப்வாட்சைத் தொட்டுப் பார்த்தார். "இது கழுத்தில் கிடந்ததால் தப்பியது" என்றார். போகவேண்டியது கிழக்கு லண்டன், வான்ஸ்டெட் புல்வெளி. முப்பத்திரண்டு மைல். மாலை 5.30க்கு அவருக்கு அமெரிக்க விமானம். காத்திருப்பும் சேர்த்துப் போய்வர நூற்றுப் பத்துப் பவுண் என்று பேசினோம்.

9.50. நோர்த் சேர்குலர் வீதியில் வாகனம் ஊர்ந்தபோது தன் தொழிலைச் சொன்னார். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த காலால் உதைக்கும் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. தலைக்கவசம் போட்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவார்கள். அதில் ஓரத்தில் நின்று, புறப்பட்டு ஓடி, தூரத்திலிருந்து எறியும் பந்தைப் பிடிக்கிறவருக்கு வைட் ரிசீவர் என்று பெயர். ஒவ்வொரு சித்திரையிலும் தொழில்முறை அணிகள் கல்லூரி விளையாட்டுக்காரரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். யாரைக் கூப்பிடலாம் என்று முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுப்பது டொயிலின் வேலை. இன்று பார்க்கப்போகிறவன் லண்டன் பையன், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் விளையாடுகிறவன். கல்லூரியில் எல்லாரையும் ஓடவிட்டு நேரம் எடுத்த நாளில், தாயின் ஒப்பரேசனுக்காக அவன் லண்டன் வந்துவிட்டானாம். இதைத் தவறவிட்டால் இந்த வருடம் அவனுக்கு வேறு நாள் இல்லை.

10.50. தூறல். புல்வெளியில் ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் ஒரு பையன், பக்கத்தில் குடையோடு ஒரு தாய். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் "தம்பி தமிழோ?" என்று கேட்டார். ஓமென்று தலையாட்டினேன். பையனின் பெயர் பிரணவன். வீடு அப்டன் பார்க். நம்முடைய பிள்ளை! எந்த நாட்டுக்காரனையோ எதிர்பார்த்து வந்தவனுக்கு அதை நம்ப நேரமெடுத்தது.

அடுத்தது இன்னும் அதிர்ச்சி. டொயில் அவனுடைய கையை விரிக்கச் சொல்லிப் பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனிவரை சட்டைப்பையில் வைத்திருந்த சிறு அளவுகோலால் அளந்தார். கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார். சவுத்தால் கடையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள், அப்படித்தான். பிறகு அந்தத் தாயிடம் அவருடைய சகோதரர்கள் எவ்வளவு உயரம் என்று விசாரித்தார்.

"என்ர தம்பிமாரையும் கொண்டுபோகப் போறாரோ?" என்று அம்மா என்னிடம் கேட்டார். பிரணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, please" என்றான்.

பந்தெறிதல் நடந்தது. பந்துகள் பிரணவனுடையவை. அவனைத் திரும்பி நிற்கவைத்துவிட்டு, பந்து கையை விட்ட பிறகுதான் கூப்பிடுவார் டொயில். அவன் திரும்பி அதைப் பிடிக்கவேண்டும். ஈரப்பந்து. இருபதில் பத்தொன்பதைப் பிடித்தான். டொயில் அவனுடைய கையைப் பார்க்கவே இல்லை, கண்ணைத்தான் பார்த்தார். பந்து கைக்கு வருமுன் ஓடப்போகிற பக்கத்தைப் பார்க்கிறவன் பந்தை விடுவான் என்றார். விட்ட அந்த ஒன்றிலும் அதுதான் நடந்ததாம்.

11.45. கடைசியாக ஓட்டம். அளவுநாடா தொலைந்த பெட்டியில் இருந்தது. என்னிடம் இருக்கிறது என்றேன். ஜெர்மனியில் எட்டு வருடம் தரைக்கல் பதித்தபோது வாங்கிய ஐம்பது மீற்றர் நாடா, இன்றும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது. "நல்லது, நாற்பதை அளந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பிரணவனின் சப்பாத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் பெருமையோடு அளந்தேன். நுனியில் ஒரு தண்ணீர்ப் போத்தல், நாற்பதில் ஒரு போத்தல். கயிறு பிடித்ததுபோல நேராக.

பிரணவன் ஓடினான். அப்படியொரு வேகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. டொயில் ஸ்டொப்வாட்சைப் பார்த்தார். 4.92. இன்னொருமுறை ஓடவைத்தார். 4.95. புத்தகத்தில் எழுதினார், மூடினார், பிரணவனின் தோளைத் தட்டினார். 4.6 செக்கனுக்கு மேல் போனால் ஓரத்தில் ஓடுகிறவனின் பெயரை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தார். பிரணவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்து முடிந்த பிறகும் நிமிரவில்லை. அம்மா குடையை அவனுக்குப் பிடித்துத் தான் நனைந்தார்.

12.35. திரும்பும் வழி, நோர்த் சேர்குலர், எட்மண்டனைத் தாண்டி. முன்னால் வீதி வேலை என்று ஒரு பலகை. அதில் 800 யார்ட் என்று எழுதியிருந்தது. லண்டனில் இப்படியான பலகைகளை நாளுக்கு இருபது காண்கிறேன். அன்றைக்குத்தான் அந்த "யார்ட்" என் கண்ணில் பட்டது.

"சேர், அந்த நாற்பது எதில்?" என்று கேட்டேன்.

"யார்ட்" என்றார். மீற்றரைவிடக் குட்டையான மூன்றடி அளவு அது. என் நாடாவில் யார்ட் இல்லை, அடியும் இல்லை. ஜெர்மன் நாடாவில் மீற்றர் மட்டும்தான். நான் நாற்பது மீற்றர் அளந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மூன்றரை மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கிறான்.

பிள்ளைகளே, உங்களிடம் மறைக்கமாட்டேன். அந்தப் பலகையிலிருந்து அடுத்த சிக்னல்வரை நான் பேசாமல்தான் ஓட்டினேன். இவர் முறைப்பாடு செய்தால் கொம்பனியில் என் வேலை போகும். விமானம் தவறினால் அதுவும் என் தலையில். நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பிரணவன் காலம் முழுக்கத் தன்னை மெதுவானவன் என்று நினைத்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" மனதில் வந்ததும் எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. சிக்னல் சிவப்பில் நின்றபோது சொல்லிவிட்டேன்.

டொயில் திட்டவில்லை. "நீளமாகத் தெரிந்தது" என்றார். "முப்பது வருடமாகப் பார்க்கிற தூரம். என் கண்ணை விட்டுவிட்டு உங்கள் நாடாவை நம்பினேன். திருப்புங்கள்." பிறகு பிரணவனுக்குப் போன் அடித்தார்.

1.20. மீண்டும் வான்ஸ்டெட். அப்டன் பார்க்கிலிருந்து மூன்று மைல், அயலவரின் காரில் தாயும் மகனும் வந்திறங்கினார்கள். ஒப்பரேசன் முடிந்து மூன்று கிழமைகூட ஆகாத அந்த அம்மா திரும்பவும் மழைக்குள் நின்றார்.

"அக்கா, பிழை என்ர. நான்தான் கூட அளந்தனான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெக்சியிலையும் உப்பிடித்தான் கூட அளக்கிறனீங்களோ தம்பி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டை போய் அழுதவன். அழுகையை நிப்பாட்ட ரெண்டு தரம் சோறு போட்டுக் குடுத்தனான். இப்ப அந்த வயித்தோட என்னெண்டு ஓடுறது?"

"ஏலும் அம்மா" என்றான் பிரணவன். என்னைப் பார்த்து, "It's okay அங்கிள். இந்த முறை சரியா அளவுங்கோ" என்றான்.

முப்பத்தாறு மீற்றர் ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர். டொயில் கணக்குப் போட்டுத் தாளில் எழுதித் தந்தார். நான் மூன்று தரம் அளந்தேன். நாலாவது தரம் அவரே வந்து அளந்தார். அது எனக்கு உறைத்தது, ஆனால் நியாயம்தான். நேரமில்லை, ஒரே ஓட்டம் என்றார். பிரணவன் குனிந்தான். அம்மா குடையை மடக்கிவிட்டார், ஏனென்று தெரியாது. அவன் கிளம்பியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈரப்புல்லில் சப்பாத்து அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

4.57.

டொயில் புத்தகத்தைத் திறந்து முந்தைய இரண்டு வரிகளையும் வெட்டினார். பக்கத்தில் "தூரம் பிழை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அம்மா ஓடிப்போய் மகனின் முதுகைத் தடவினார். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சோறு... சோறு" என்று மூச்சு வாங்கியபடியே சிரித்தான்.

3.25. ஹீத்ரோ. பெயர் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். தன் வேலை நடந்ததை எழுதுவது மட்டும்தான் என்றார் டொயில். பேசிய நூற்றுப் பத்துப் பவுணையும் தந்தார். இரண்டாவது தரம் போய்வந்ததற்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் அந்த அம்மா போன் எடுத்தார். பிரணவனின் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் எல்லாப் பெயரும் முடிந்த பிறகு ஓர் அணி, மூன்று நாள் வந்து விளையாடிக் காட்டச் சொல்லி அழைத்திருக்கிறது. "அங்கையும் முதல்ல நாற்பதுதானாம் தம்பி. அவையள் தாங்களே அளப்பினமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

போன ஞாயிறு என் பிள்ளைகள் இருவரையும் ஹவுன்ஸ்லோ வெளிக்குக் கூட்டிப்போய் அந்த நாடாவை விரித்தேன். 36.58இல் ஒரு போத்தல், நாற்பதில் ஒரு போத்தல். நடுவில் கிடந்த புல்லைப் பார்த்து, இவ்வளவுதானா அப்பா என்று கேட்டுவிட்டு இளையவள் மூன்று தாவலில் தாண்டினாள். திரும்பியும் தாண்டினாள். நான் அந்த மூன்றரை மீற்றரின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.