தார்பாய்க்கு அடியில் ஓர் ஆவாரை

தாராபுரத்துக்காரர்கள் நாங்கள். போகியன்று வேப்பிலையோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டாவிட்டால் எங்களுக்குப் பொங்கல் வராது. உத்தியோகத்துக்காக வந்து சேர்ந்த அந்தமானின் கராச்சர்மாவில் வேப்பிலை கிடைத்தது, ஆவாரை கிடைக்கவில்லை. ஊரிலிருந்து விதை கொண்டுவந்து ஊன்றினேன்.

கரட்டில் தண்ணீரே இல்லாமல் பூக்கிற செடி அது. இங்கே வருஷத்தில் முக்கால்வாசி மழை. இரண்டு வருஷம் வேரழுகிச் செத்தது. மூன்றாம் வருஷம் நாலு கம்பு நட்டு, செடிக்கு மேலே தார்பாய் கட்டினேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்து, "க்யா பாபு, இஸ்கோ பீ சர்தி லகேகா?" என்றார். செடிக்கும் சளி பிடிக்குமா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன்.

செடி பிழைத்தது. மார்கழியில் மொட்டு வைத்தது. எங்கிருந்தோ மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. பொரிந்த பச்சைப் புழுக்கள் இலை, மொட்டு எல்லாவற்றையும் தின்று குச்சியை எனக்கு விட்டுவைத்தன. மருந்தும் கையுமாகக் கிளம்பியவனை மனைவி மறித்தாள்.

"ஏனுங்க, மூணு வருசத்துல நீங்க உருப்படியா வளத்தது இதுகளைத்தான். வுடுங்க."

போகியன்று வேப்பிலையோடு மொட்டைக் குச்சியைக் கட்டினேன். அதில் ஒரு கூட்டுப்புழு தொங்கியதைக் கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். அன்று முதல் வாசற்கதவை அறைந்து சாத்தக் கூடாதென்று எனக்கு உத்தரவு.

ஒரு காலையில் கூடு பிளந்து, வெளியே வந்த பட்டாம்பூச்சி மஞ்சள் இறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

"பூத்துருச்சுங்க," என்றாள் மனைவி.

காலண்டரைப் பார்த்தேன். ஐந்து நாள் தாமதம்.