ஸ்ரீரங்கன் சார் சொல்லாத பேர்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கட்டுரை அனுப்பியிருந்தார். தேறவில்லை. "வேணாம்னு ஒரு கார்டு போட்டுடலாமே சார், கவரு எதுக்கு?" என்றாள் தாயம்மா.

"கார்டுன்னா தபால்காரர் படிப்பார், அவாத்துல எல்லாரும் படிப்பா. பாவம், அவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போறும்" என்று சொல்லி, ஸ்ரீரங்கன் சார் கவரை ஒட்டினார்.

சார் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்து வீட்டு முன்னறையிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை நடத்தினார். வருகிற கட்டுரையை விஷயம் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்பார். எழுதினவர் யார் என்று படிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. படித்தவர் யார் என்று எழுதினவருக்கும் தெரியக்கூடாது. பேரின்மேல் காகிதத் துண்டை ஒட்டி மறைப்பதும் கவர்களை அனுப்புவதும், உதவிக்கு வந்துபோகும் தாயம்மாவின் வேலை. அலங்காரம் முடிகிறவரை சாமிக்குத் திரை போடுகிற மாதிரி என்று அவள் நினைத்துக்கொள்வாள். படித்தவரின் அபிப்பிராயத்தை, கையெழுத்து காட்டிக்கொடுக்காதபடி, சாரே ஒற்றை விரலால் டைப் அடிப்பார்.

தொண்ணூற்றாறில் சாரின் மைத்துனர் ஸ்ரீவத்சன் ஒரு கட்டுரை அனுப்பினார். பெரிய பேராசிரியர். ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரை மணலில் அடம்பங்கொடி பூத்ததை மாதாமாதம் எண்ணியதாக எழுதியிருந்தார். சார் அதை, அதே கடற்கரைச் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அஸ்மத்துன்னிசா என்ற பெண்ணுக்கு அனுப்பினார். 'இவர் எண்ணியதாகச் சொல்லும் மாதத்தில் அங்கே கொடியே இல்லை, கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது' என்று அவள் எழுதிவிட்டாள். யாருடைய கட்டுரை என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்லூரி வேலைக்கான நேர்முகத் தேர்வு. தேர்வுக் குழுவில் ஸ்ரீவத்சன்!

கட்டுரை திரும்பிப் போனதும் அவர் புயல்போல் வந்தார்.

"அத்திம்பேர், யார் எழுதினதுன்னு சொல்லுங்கோ."

"மாட்டேன்டா. பூவை எண்ணினியா, இல்லையா? அதைச் சொல்லு."

"என் பொண்ணு ஸ்நேஹா கல்யாணம் வர்றது. நீங்க வேணுமா வேண்டாமான்னு நான் யோசிக்கணும்."

சாரின் மனைவி கோமளம் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஒரு பேரைச் சொன்னா என்ன குறைஞ்சுடும்? எனக்கிருக்கறது ஒரே தம்பின்னா!"

ஸ்ரீவத்சன் தாயம்மா பக்கம் திரும்பினார். "கவர் ஒட்டறது நீதானே? யாருக்குப் போச்சு?"

அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பகாம்பாளைக் கும்பிடுகிறவள். தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் அந்தப் பெண் பிழைப்பு போச்சு. சாரைப் பார்த்தாள்.

"பொய் சொல்ல வேண்டாம், தாயம்மா. சொல்ல மாட்டேன்னு சொல்லு. அது பொய் இல்லை."

"தெரியும் சார்" என்றாள் அவள் ஸ்ரீவத்சனிடம். "ஆனா சொல்ல மாட்டேன்."

"என்ன திமிர் பாரு அக்கா! எஜமானுக்கேத்த ஆள்" என்று ஸ்ரீவத்சன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாண அழைப்பு கோமளத்துக்கு மட்டும்தான் வந்தது. தி.நகர் மண்டபத்துக்குத் தனியாகப் போனாள். அன்றைக்கு சார் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி வாசலைப் பார்த்தார். கோமளம் திரும்பி வந்ததும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த லட்டை அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிட்டு தாயம்மாவுக்கும் கொடுத்தார். அம்பாள் பிரசாதம் மாதிரி அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள்.

அஸ்மத்துன்னிசாவுக்கு வேலை கிடைத்தது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாள். சாரும் தாயம்மாவும் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

சாருக்குக் கண் மங்கிப்போனதும் பத்திரிகை நின்றது. பெங்களூரில் மகள் ஸஹானா வீட்டோடு போவதென்று முடிவாயிற்று. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் தாயம்மாவை அருகே கூப்பிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"ஸ்ரீவத்சன் என்னிக்காவது வந்து அந்தப் பேரைக் கேட்டா, சார் பெங்களூர் போயாச்சுன்னு சொல்லு" என்றார். "அதை மட்டும் சொல்லு."