இடம் மாறிய சங்கும் சக்கரமும்

அக்காவின் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் தீர்ந்துபோனது. எங்கள் கெட்ட நேரம், மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்காவின் மாமனார் அதன்பிறகு எங்கள் அப்பாவோடு, அதாவது நைனாவோடு, பேசவில்லை. நைனாவும் சளைத்தவர் இல்லை. ஒரு டம்ளர் பாயசத்துக்காகப் எங்கள் புத்தூருக்கும் அவர்கள் திருச்சானூருக்கும் நடுவே மாதக்கணக்கில் போக்குவரத்து நின்றது. அக்கா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

தெலுங்கு வருடப்பிறப்பு, அக்காவுக்குத் தலை உகாதி, வந்தது. பெண்ணை அழைக்காமல் இருக்க முடியாது. நைனா வரமாட்டேன் என்றுவிட்டதால் அம்மாவும் நானும் போவதென்று முடிவானது. எனக்குப் பத்து வயது. சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் அக்கா நினைவாகவே இருந்தேன். ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்து, பெருமாள் பக்தரான அவள் மாமனாரை மசியவைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

அட்டையில் படம் ஒற்றக் கடையில் விற்கிற அச்சுகளுக்கு எங்கள் வீட்டில் யார் காசு கொடுப்பார்கள்? பென்சில் அழிக்கும் ரப்பரிலேயே அச்சு செதுக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். பழைய செருப்புகூட உதவும் என்றார்கள். பெருமாள் சமாச்சாரம் என்பதால் செருப்பை விட்டுவிட்டேன். இருந்ததிலேயே பெரிய ரப்பரில், காலண்டரைப் பார்த்து நடுவில் நாமமும் இருபுறமும் சங்கு சக்கரமும் வரைந்து, அம்மா பார்க்காத நேரமாக பிளேடால் செதுக்கினேன். மை, நைனாவின் உரக்கடை ஸ்டாம்ப் பேடில் இருந்து. அட்டை, அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகையின் எழுத்தில்லாத பாதி. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, குழைத்த மஞ்சளில் தோய்த்து ஓரமெல்லாம் பூ ஒற்றினேன். ஆன செலவு அந்த வெண்டைக்காய்தான்.

திருச்சானூரில் எங்கள் ஷேர் ஆட்டோ கோயில் வளைவைக் கடந்தபோது அண்ணாந்து பார்த்தேன். வளைவில் சக்கரம் இடது பக்கம் இருந்தது. என் அட்டையில் வலது பக்கம்! செதுக்கியதை ஒற்றினால் இடம் வலமாகும் என்று அந்த வீடியோவில் சொல்லும் பகுதியை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, அட்டைய குடுக்க வாணாம்மா."

"கம்முனு வா. அவரு என்னா சொல்லப்போறாரோன்னு நானே பயந்துகினு கீறேன்."

அட்டை தாம்பூலத் தட்டில் பழத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அக்காவின் மாமனார் கையில் சின்னக் கண்ணாடியோடு அப்போதுதான் நாமம் போட்டு முடித்திருந்தார். அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். சமையலறை வாசலில் அக்கா முகம் வெளுத்து நின்றாள்.

"யாரு பண்ணது இது?"

பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

"சங்கும் சக்கரமும் எடம் மாறிக்கீது, தெரியுமா?"

தலையாட்டினேன். அவர் கண்ணாடியை அட்டைக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். அங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சிரித்துவிட்டார்.

"நாமம் போட தெனமும் கண்ணாடியதான் பாத்துகினு கீறேன். எனக்குன்னே பண்ணிக்கீது இந்தப் பொண்ணு," என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "சம்பந்தி எங்கம்மா? போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அன்று சாயங்காலமே அக்கா எங்களோடு புத்தூருக்கு வந்தாள். ஆட்டோவில் அம்மா எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை. தப்புதான் மன்னிக்கப்பட்டுவிட்டதே என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

அடுத்த உகாதிக்கு, எல்லாம் சரியாக விழும்படி திருப்பிச் செதுக்கி அட்டை கொண்டுபோனேன். "நல்லாகீது" என்று வாங்கி அலமாரியில் வைத்தார். பழைய அட்டையோ அவர் நாமம் போடும் இடத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. தப்பானதை ஒட்டிவைத்துச் சரியானதை உள்ளே வைக்கிறாரே என்று வழியெல்லாம் அம்மாவிடம் புலம்பினேன். பேச்சைத் தொடங்க அவரும் ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார், அது என் தப்பில்தான் கிடைத்தது என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.