எதிர்வீட்டு ஜன்னல் பார்த்த சிவப்புத் தண்ணீர்

எதிர்வீட்டு முருகேசண்ணா, என் மருந்து பாதியில் நின்றதற்கு நீங்கள்தான் காரணம்.

காசநோய்க்கு ஒளித்து ஒளித்து மாத்திரை தின்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆனால் அவரும் படிக்க வேண்டும்.

எடப்பாடியில் எங்கள் தெருவே இருமும். எல்லாம் தறித்தூசி. வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பது எங்கள் வைத்தியம். தறிக்குத் தார் (ஊடை நூல்) சுற்றிக்கொண்டே நானும் நான்கு மாதம் வெல்லம் தின்றேன். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஒன்பது மாசம். நல்லாயிருக்குன்னு நடுவுல நிறுத்தினா திரும்ப வரும்" என்றார் டாக்டரம்மா. ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரை) தின்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். சளியை மண்ணில் புதைக்கச் சொன்னார்.

மூன்று வாரம் பின்னறையில் தனியாகக் கிடந்தேன். வியாதி தெரிந்தால் முதலாளி எங்கள் தறிக்கு நூல் தரமாட்டார். அதனால் நான் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்லி வைத்தார்.

முருகேசண்ணன் லாரி டிரைவர். கால் ஒடிந்து மாவுக்கட்டோடு அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சேலத்தில் பார்த்த ஒரு இங்கிலீஷ் படத்தின் கதையைத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தவர். அதில் கால் ஒடிந்த ஒருவன் ஜன்னல் வழியே எதிர்வீடுகளை நோட்டம் விடுவான். பெண்டாட்டியைக் கொன்றவனைக் கண்டுபிடிப்பான்.

அவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. என்னைக் காணோம். என் வீட்டுக்காரர் சந்தில் குழி தோண்டுகிறார். சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் வருகிறது.

ஒரு காலையில் வாசலில் கூட்டம் கூடியது.

"சாயம் போடாத ஊட்டுல செவப்புத் தண்ணி ஏதுங்க? பொண்டாட்டியக் காட்டச் சொல்லுங்க!" என்று முருகேசண்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார். யாரோ என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்தார்கள்.

நான் வெளியே வந்தேன். "உசுரோடதான் இருக்கறனுங்க. டீ.பி.ங்க. மாத்திரை தின்னா அப்படித்தான் போகுமுங்க."

கொலை என்று நெருங்கி வந்தவர்கள் பத்தடி பின்னால் போனார்கள்.

"அட, படத்துல இப்படி வரலீங்களே!" என்று முருகேசண்ணன் சிரித்தார். அன்று சாயங்காலமே நூல் முதலாளிக்கு ஆள் அனுப்பி என் வியாதியைச் சொன்னார். மறுநாளே நூல் நின்றது.

வெட்கத்தில் ராசிபுரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும் என்று அங்கே மாத்திரையைத் தொடவில்லை. நிறுத்தியது என் கைதான், மறுக்கவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் திரும்பியது.

"யாருக்குப் பயந்து நிறுத்துனீங்க?" என்று டாக்டரம்மா திட்டினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். இம்முறை ஸ்ட்ரெப்டோமைசின் (தினமும் இடுப்பில் போடும் ஊசி) சேர்ந்தது. அதில் இடது காது மந்தமாகிவிட்டது. உங்களுக்கும் காதில் இரைச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

இப்போது சளியில் கிருமி இல்லை. மாத்திரை முடிந்து மாதங்கள் ஆகியும் அந்த நேரத்துக்குக் கை தானாக அலமாரிக்குப் போகிறது. வாசலில் இருமல் வந்தால் அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். சொந்த நெஞ்சைத் திருட்டுப் பொருள்போல மறைக்கிறேன்.

அண்ணா, உங்கள் கால் கூடிவிட்டது, லாரியும் ஓட்டுகிறீர்கள். கரண்ட் போனால் தறிகள் நின்று தெருவே வெளியே வந்து நிற்கும். அப்போது எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். சந்தேகப்பட்டீர்கள், சரி. நான் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் முதலாளிக்கு ஏன் ஆள் அனுப்பினீர்கள்?